பட்டியலில் என் படம் ஏன் இல்லை, டீச்சர்?

விருது கொடுக்கிற தொழிலில் விருது கொடுப்பதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. ஆளை மேடைக்குக் கூப்பிட்டு, கையில் கேடயத்தைத் திணித்து, ஃபோட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னால் முடிந்தது. அதற்கு முன்னால் பிரிவுக்கு ஐந்து பேர் என்று ஒரு நாமினேஷன் பட்டியல் போட வேண்டியிருக்கிறதே, அதுதான் ஆளை உருக்கி எடுத்துவிடும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் ஊர்க் குறும்பட மன்றத்துக்கு எட்டு வருஷம் செயலாளராக இருந்தேன். வருகிற படங்களுக்கு நம்பர் போட்டு, மூன்று நடுவர்களுக்கு அனுப்பி, அவர்கள் தருகிற மதிப்பெண்ணைக் கூட்டி, பட்டியல் அடித்து வெளியிடுவது என் வேலை. மன்றத் தலைவர் மைதீன் பாய். மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். சினிமா என்றால் உயிரை விடுவார். “வெறும் கூட்டல்தானே டீச்சர், நீங்க கண்ண மூடிக்கிட்டுச் செய்வீய” என்று சொல்லித்தான் இந்த வேலையை என் தலையில் கட்டினார். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா சித்தப்பா பெயர்களை வரிசைப்படுத்தியவர்கள், ஆண்டு விழா நாடகத்தில் யாருக்கு ராஜா வேஷம் என்று முடிவு செய்தவர்கள், கிறிஸ்மஸ் பாட்டுக் குழுவில் ஒருவரைப் பின்வரிசைக்கு அனுப்பியவர்கள், எல்லாரும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

மதுரை எட்டிப் பார்த்தது

எங்கள் பட்டியல் நவம்பர் தொடக்கத்தில் வரும், விழா டிசம்பரில். அதற்குப் பிறகு ஜனவரியில் மதுரையில் ஒரு விருது, மார்ச்சில் சென்னையில் பெரிய விருது. வரிசையில் நாங்கள்தான் முதல் ஆள். முதல் இரண்டு வருஷம் எங்கள் பட்டியலை நானும் பாயும் தவிர யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நிம்மதியான காலம். மூன்றாம் வருஷம் பட்டியலில் ஐந்தாவதாக, தட்டுத்தடுமாறி உள்ளே வந்த ஒரு சின்னப் படம் எங்களிடம் தோற்றுப்போய், மதுரையில் ஜெயித்து, சென்னையிலும் ஜெயித்துவிட்டது. அவ்வளவுதான். சென்னையில் ஜெயிக்க வேண்டுமானால் முதலில் திருநெல்வேலிப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று ஒரு பேச்சு கிளம்பி, அடுத்த வருஷம் படங்கள் வந்து குவிந்தன. இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகளுக்கு முன்னால் டைரக்டர்கள் வந்து ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றார்கள்.

மதுரை விருதின் செயலாளர் ஒரு கல்லூரிப் பேராசிரியர், தங்கமான மனிதர். பட்டியல் எப்போது வரும் என்று கேட்டு ஒரு நாள் ஃபோன் செய்தார். நான் கணக்கு டீச்சர் அல்லவா, விடுவேனா? எங்கள் பட்டியலில் வந்ததால் அந்தப் படம் ஜெயிக்கவில்லை, நல்ல படமாக இருந்ததால்தான் இரண்டு இடத்திலும் வந்தது, காரணம் வேறு, தற்செயல் வேறு என்று கால்மணி நேரம் வகுப்பு எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “நீங்க சொல்றது ரொம்பச் சரி டீச்சர். நாங்க வர்ற எல்லாப் படத்தையும்தான் பாக்குறோம். உங்க பட்டியல்ல இருக்குறத மட்டும் முழிச்சிருக்கும்போது பாக்குறோம்.”

தவளைக்கு நாமினேஷன்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கத்தில் எடுத்த ஒரு படம் வந்தது. வயலில் வேலை முடிந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றிலும் தவளைச் சத்தம். முடிவில் அவர் எழுந்து கை கொடுக்கிறார், அவள் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். எங்கள் நடுவர்களில் ஒருவர் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிப்பதிவுக்கு முழு மதிப்பெண் போட்டு, ‘மனிதர்கள் சொல்லாததைத் தவளைகள் சொல்லுகின்றன’ என்று குறிப்பும் எழுதிவிட்டார். சிறந்த ஒலிப்பதிவுப் பட்டியலில் படம் ஏறியது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படத்துக்கு மைக் பிடித்த இசக்கிமுத்து வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். முகத்தைப் பார்த்தால் நாமினேஷன் வாங்கியவர் போல இல்லை, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தவர் போல இருந்தது. “டீச்சர், ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தப் படத்துல ரெண்டு பக்கத்துக்கு வசனம் உண்டு. சண்ட போட்டு, அழுது, சமாதானம் ஆவுற மாதிரி. அன்னைக்கு மழ விட்ட நேரம். தவள போட்ட சத்தத்துல ஒரு வசனமும் கேக்கல. திரும்ப எடுக்க எங்களுக்கு வசதியில்ல. வசனத்த அப்படியே தூக்கிட்டோம்” என்றார். நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தேன். வசனத்தை எடுத்துவிட்டுத் தவளையை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது யார் என்று கேட்டேன். “நான்தான். பேச்சுதான் கேக்கல, தவளையாவது தெளிவாக் கேக்கட்டும்னு சொன்னேன்” என்றார். அப்படியானால் நாமினேஷன் உங்களுடையதுதான், போய்ச் சாப்பிடுங்கள் என்றேன். அவர் விட்ட பெருமூச்சில் மேஜையில் இருந்த விடைத்தாள்கள் பறந்தன.

நாங்கள் பட்டியலில் போட்டதைப் பார்த்து மதுரையும் போட்டது. மதுரை போட்டதைப் பார்த்து சென்னையும் போட்டது. சென்னைக்காரர்கள் விருதே கொடுத்து, ‘தவளைகளைக் கதாபாத்திரங்களாக்கிய துணிச்சல்’ என்று பாராட்டுப் பத்திரத்தில் எழுதியிருந்தார்கள். இசக்கிமுத்து அதை என்னிடம் காட்டுவதற்காகவே பாளையங்கோட்டைக்கு வந்தார். இரண்டு முறை படித்துக் காட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “வெரட்டதுக்காக அந்தத் தவளைய நாங்க ஒரு மணி நேரம் கல்லக் கொண்டு எறிஞ்சோம்ங்கத மட்டும் மேடையில சொல்லல டீச்சர். நல்லவேள, ஒண்ணு மேலயும் படல.”

திசையன்விளையிலிருந்து ஒரு அப்பா

பட்டியல் வெளியான அன்று மத்தியானம் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. திசையன்விளையில் முருங்கைக்காய் மொத்த வியாபாரம் செய்கிறவர். “எம் மவ பேர அந்த லிஸ்ட்டுலருந்து எடுத்துருங்க” என்றார், உட்காரக்கூட இல்லை. மகள் அமுதா எங்கள் ஊரில் பி.எட். படிக்கிற பெண். கூடப் படிக்கிறவள் எடுத்த படத்தில் வீட்டுக்குச் சொல்லாமல் நடித்திருக்கிறாள். சிறந்த நடிகை நாமினேஷனில் பெயர் வந்ததும், யாரோ வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்பிவிட்டார்கள். “எவனுக்கோ பொண்டாட்டியா நடிச்சிருக்காளாம். நாளைக்கு நாலு பேரு எங்கிட்ட என்ன கேப்பாவ, சொல்லுங்க.” காலையில் வாட்ஸ்அப்பில் மட்டும்தான் போட்டிருந்தோம், பட்டியலை அன்று சாயங்காலம்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மதுரைக்கும் அன்றுதான் அனுப்ப வேண்டும். எடுக்க நினைத்தால் எடுத்துவிடலாம். ஆனால் இங்கே எடுத்தால் அந்தப் பெண்ணை மதுரையிலும் பார்க்கமாட்டார்கள், சென்னையிலும் பார்க்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். “அண்ணாச்சி, ஒரு தடவை படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அப்புறமும் வேண்டாம் என்றால் உங்கள் முன்னாலேயே அழித்துவிடுகிறேன்” என்று சொல்லி ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் போட்டேன்.

படத்தில் புருஷன் கிடையாது. அவன் வளைகுடாவில் இருக்கிறான். பல நாளாக ஃபோன் இல்லை. அமுதா மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது ஃபோன் மணி அடிக்கிறது. கையை முந்தானையில் அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டு ஓடுகிறாள். எடுப்பதற்குள் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான், அந்த ஃபோனைப் பார்த்தபடியே நிற்கிறாள். “அந்த எடத்த இன்னொருக்க போடுங்க” என்றார் அண்ணாச்சி. போட்டேன். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். “நான் பஹ்ரைன்ல பதினோரு வருசம் இருந்தேன் டீச்சர். ஃபோன் கார்டு தீந்துரும்னு நாலு தடவதான் மணி அடிக்க விடுவேன், எடுக்கலன்னா வச்சிருவேன். வீட்டுல அவ அம்ம இப்படித்தான் ஓடி வந்திருப்பாளோ? நான் நெனச்சே பாக்கல. இவ சின்னப்புள்ளையா நின்னு பாத்திருக்கா.”

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அடுத்த பாட வேளைக்கு மணி அடித்தது, போகவில்லை. கடைசியில் அவரே எழுந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருந்த பட்டியலைக் குனிந்து பார்த்தார். அழிக்கச் சொல்லப்போகிறார் என்று நான் மௌஸில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் விரலை வைத்துக் காட்டிச் சொன்னார்: “பேரு இருக்கட்டும். ஆனா அவ பேருக்கு முன்னால ‘வி’ன்னு போட்டிருக்கீய. எம் பேரு வேல்சாமி, ‘வே’ன்னு போடணும். மதுரைக்குத் தப்பாப் போயிரக் கூடாதுலா.”

எல்லா ஊரிலும் ஐந்தாவது ஆள்

சேவியர் கூடங்குளம் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கடலை வைத்து ஒரு படம் எடுத்திருந்தார். சிறந்த இயக்குநர் பட்டியலில் அவர் பெயர் வந்தது, விருது வரவில்லை. எங்கள் பட்டியலைப் பார்த்து மதுரையிலும் நாமினேஷன், சென்னையிலும் நாமினேஷன், கொச்சியிலிருந்தும் ஒன்று. எங்கேயும் விருது இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் கடையை அடைத்துவிட்டு, புதுச் சட்டை எடுத்து, சட்டைப் பையில் நன்றியுரையை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டு, மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொண்டுவருவார். கிறிஸ்மஸ் பூசையில் எல்லாரும் முழங்காலில் நிற்க, இவர் மட்டும் முணுமுணுவென்று நன்றியுரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் மனைவி ரீத்தா என்னை ஃபோனில் கூப்பிட்டு, “டீச்சர், ஒண்ணு எங்கயாச்சும் குடுக்கச் சொல்லுங்க, இல்லாட்டி பேரே போடாதீய. மனுசன் கண்ணாடியப் பாத்துப் பேசுதாரு” என்று அழாக்குறையாகச் சொன்னார்.

அடுத்த வருஷம் அவர் படத்துக்கு மதிப்பெண் போதவில்லை. நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், கணக்கு மாறவில்லை. பட்டியலை வெளியிட்டுவிட்டு ஃபோனை எடுக்கவே பயந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மனிதர் நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பொட்டலம். மேஜையில் வைத்தார். ஸ்டாஃப் ரூம் முழுக்க நெத்திலிக் கருவாட்டு வாசனை. நான் சமாதானம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. “லிஸ்ட்டப் பாத்ததும் ஒரு நிமிசம் சங்கடமாத்தான் இருந்துச்சு. பொறவு பாத்தா, நல்லாப் பசிச்சுச்சு. நல்லவேள டீச்சர், இந்த வருசம் தோக்கதுக்கு எங்கயும் போவ வேண்டாம்.”

ஒரே பெயரில் இரண்டு படம்

இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மற்றவர்கள் தப்பையெல்லாம் சொல்லிவிட்டு என் தப்பை மறைத்தால் நன்றாக இருக்காது.

ஒரு வருஷம் ‘முறைத்தண்ணி’ என்ற பெயரிலேயே இரண்டு படங்கள் வந்திருந்தன. வாய்க்காலில் வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊர்களில் அது ஒன்றும் அதிசயப் பெயர் இல்லை. ஒன்று வண்ணார்பேட்டையில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிற பிரபாகர் எடுத்தது. ட்ரோன், இடி முழக்க இசை, அருவாள். இன்னொன்று ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தோட்ட வேலைக்குப் போகிற பேச்சியம்மாள் ஃபோனிலேயே எடுத்தது. கூட வேலை செய்கிற பெண்கள்தான் நடிகைகள். தன் தண்ணீர் முறையை, புருஷன் இறந்து பத்து நாள்கூட ஆகாத பக்கத்து வயல்காரிக்கு ஒருத்தி விட்டுக்கொடுக்கிறாள், அதுவும் அவளுக்குத் தெரியாமல். இதுதான் கதை. பிரபாகர் படம் எழுபத்தொன்றாம் நம்பர். பேச்சியம்மாள் படம் பதினேழு. நடுவர்கள் சிறந்த படம் நாமினேஷனுக்குப் பதினேழைத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்கு டீச்சராகிய நான் எழுபத்தொன்று என்று அடித்தேன். பெயர் ஒன்றாகவே இருந்ததால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மைதீன் பாய் ஃபோன் செய்தார். “டீச்சர், நம்ம ஜட்ஜுமாரு ‘அமைதியான படம்’னு எழுதியிருக்காவளேன்னு அந்தத் தண்ணிப் படத்தத் தொறந்தேன். ஒருத்தன் அருவாளத் தூக்கிட்டு ஓடுதான். இதுல அமைதி எங்க இருக்கு?” நான் நடுவர் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் பதினேழு என்று தெளிவாக இருந்தது. அதைவிட மோசம், முந்தின நாள்தான் மதுரைக்காரர்கள் தங்கள் நாமினேஷன் பட்டியலை வெளியிட்டிருந்தார்கள். சிறந்த படம் பிரிவில் ‘முறைத்தண்ணி’, இயக்கம் பிரபாகர் என்று அங்கேயும் இருந்தது. என் விரல் மாறி அடித்த ஒரு நம்பர் இரண்டு பட்டியலில் ஏறிவிட்டது. சும்மா விட்டால் சென்னைக்கும் போகும். “என்ன செய்ய பாய்?” என்றேன். எங்கள் பட்டியலின் மேல் அவருக்கு இருந்த பெருமை எனக்குத் தெரியும். ஆனாலும் அவர், “சொல்லிருவோம் டீச்சர். இத வச்சிக்கிட்டு எனக்குத் தொழுகையில கவனம் நிக்காது” என்றார்.

முதலில் பிரபாகரிடம் போனேன். ஸ்டூடியோ வாசலில் ‘சிறந்த படம் நாமினேஷன்’ என்று ஆள் உயரத்துக்கு பேனர். அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கத்தவில்லை. “அந்தப் படத்தப் பாக்கலாமா?” என்று மட்டும் கேட்டார். எடிட்டிங் செய்கிற பெரிய திரையில் போட்டார். விதவை காலையில் வயலுக்கு வந்து, தண்ணீர் பாய்ந்திருப்பதைப் பார்த்து, யார் விட்டது என்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்க்கிற இடத்தில் நிறுத்தினார். “நான் ஆகாசத்துல ஏறித் தண்ணியக் காட்டுனேன். இந்தம்மா சேத்துல நின்னு காட்டிட்டாவ” என்றார். அப்புறம் ஃபோனை எடுத்து, எனக்கு முன்னாலேயே மதுரைப் பேராசிரியரை அழைத்து, சிறந்த படம் பட்டியலில் இருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி அவரே சொன்னார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மனிதர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்.

மறுநாள் ஸ்ரீவைகுண்டம் போனேன். பேச்சியம்மாள் தோட்டத்தில் இலை அறுத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பை ஒப்பித்து முடித்தேன். “பேரு வரலன்னதும், சரி, நம்ம படம் அவ்வளவுதான் போலுக்குன்னு இருந்துட்டேன்” என்றார். அந்த ‘அவ்வளவுதான் போலுக்கு’ எனக்கு ஊசி குத்தியது போல இருந்தது. பிறகு திடீரென்று, “நீங்க பள்ளிக்கூடத்துல என்ன பாடம் எடுக்கீய?” என்று கேட்டார். கணக்கு என்றேன். இலைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்த பெண்களைக் கூப்பிட்டுச் சொல்லி அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

திருத்தம் வெளியிட்டோம். மதுரைப் பேராசிரியர் என்னைவிட அதிகமாக நெளிந்தார். அவருடைய நடுவர் ஒருவர் அருவாள் படத்துக்கு ‘மென்மையான படைப்பு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாராம். விஷயம் வெளியே பரவ, எது அந்தப் பதினேழு, எது எழுபத்தொன்று என்று ஊர் ஊராக எல்லாரும் இரண்டு படத்தையும் தேடிப் பார்த்தார்கள். எங்கள் விழாவில் பேச்சியம்மாள் படம் இரண்டாவதாகத்தான் வந்தது, மதிப்பெண் அப்படி. மதுரையில் சிறந்த படம். பிரபாகருக்கு அங்கே ஒளிப்பதிவு விருது, அது அவருக்கே உரியது. மார்ச்சில் சென்னையில் பேச்சியம்மாளுக்குச் சிறந்த இயக்குநர் விருது கொடுத்தார்கள். ரயிலில் வந்து இறங்கியவரை ஜங்ஷனில் போய்ப் பார்த்தேன். கேடயத்தைத் துண்டில் சுற்றி இடுக்கியிருந்தார். மறுபடியும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: “சும்மா இருங்க டீச்சர். நீங்க நம்பர ஒழுங்காப் போட்டிருந்தா எல்லாரும் பேர மட்டும் பாத்திருப்பாவ. தப்பாப் போட்டதாலதான படத்தப் பாத்தாவ.”

கடைசி வரிசை நாற்காலி

எட்டாம் வருஷத்தோடு பொறுப்பை விட்டேன். எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த தமிழ் டீச்சர் ஜாஸ்மின் ஏற்றுக்கொண்டார். நம்பரோடு டைரக்டர் பெயரையும் சேர்த்துச் சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். ஃபோனை எப்போது அணைத்துவைக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். அந்த நவம்பரில் பட்டியல் வெளியான அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? மீன்குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். ஒருவரும் எழுப்பவில்லை.

டிசம்பரில் விழாவுக்குப் பார்வையாளராகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர், நெற்றியெல்லாம் வேர்வை, கையேட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு பொருமிக்கொண்டிருந்தார். அவர் படம் பட்டியலில் இல்லையாம். இங்கே விடுபட்டால் மதுரையிலும் இல்லை, சென்னையிலும் இல்லை, ஒரு வருஷ உழைப்பு போச்சு என்றார். பழைய பழக்கத்தில் என் கை ஃபோனை அணைத்துவைக்கப் பைக்குள் போனது. உடனே, இது என் பட்டியல் இல்லையே என்று ஞாபகம் வந்து கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். “மதுரைக்காரங்க இப்பல்லாம் முழிச்சிருந்தே பாக்காங்க, அனுப்பிப் பாருங்க” என்று ஆறுதல் சொன்னேன். அவர் கேட்பதாக இல்லை. கையேட்டால் தொடையில் ஒரு அடி அடித்துச் சொன்னார்: “உங்களுக்குத் தெரியாதும்மா. முன்னால ஒரு கணக்கு டீச்சர் இந்த லிஸ்ட்டப் போட்டுக்கிட்டு இருந்தாவ. அவிய காலத்துல ஒரு தப்பு வந்தது கெடையாது.”

ஒரு நாமினேஷன் பட்டியலின் மேல் ஜனங்களுக்கு மரியாதை வர வேண்டுமானால், எட்டு வருஷம் போட்டுப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், அதைப் போட்டவர் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும்.